திறந்த கதவும் அதன் விலையும்

யாழ்ப்பாணத்திலுள்ள என் மருமகன் வெளிநாட்டில் முதுகலை படிக்க விரும்புகிறான். அவன் அனுப்பிய பல்கலைக்கழக இணையத்தளங்களை இரவு வேலை முடிந்துவந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். எந்தப் பிரதியும் யாரை நோக்கிப் பேசுகிறது என்று கேட்பது முன்னாள் விரிவுரையாளனின் பழக்கம்.

நான் பார்த்த பிரித்தானியத் தளங்கள் 'நீங்கள்' என்று அழைத்தன. தரவரிசை, புற்றரையில் சிரிக்கும் பல நிற முகங்கள், பட்டத்தின் பின்னான வேலை. ஜேர்மன் தளங்களோ வரலாற்றையும் பீடங்களையும் விதிகளையும் முன்வைத்தன. அங்கே தனிமனிதன், இங்கே நிறுவனம்; இது பண்பாட்டு வேறுபாடு என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன்.

இவ்விளக்கம் போதாது. பிரித்தானியாவில் வெளிநாட்டு மாணவரின் கட்டணம் பல்கலைக்கழகத்தின் முக்கிய வருமானம். ஆகவே அவர் வாடிக்கையாளர். ஜேர்மனியில் அரச பல்கலைக்கழகங்களைப் பெரும்பாலும் வரிப்பணமே நடத்துகிறது. ஆகவே அவர் விண்ணப்பதாரி. தொனியைத் தீர்மானிப்பதில் பண்பாட்டைவிடப் பணத்துக்கே பங்கு அதிகம்.

அந்தப் பணமும் மாறுகிறது. 1386 இல் நிறுவப்பட்ட ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகத்தின் மகுடவாசகம் 'எப்போதும் திறந்தே' என்பது. அது அமைந்துள்ள பாடன்-வூற்றம்பேர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் பெரும்பாலான மாணவரிடம் 2017 முதல் பருவமொன்றுக்கு 1500 யூரோ அறவிடுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 இல் 2000 முதல் 6000 யூரோ வரை அறவிடத் தொடங்கியது. பண்பாடு அதேதான், கதவுக்குத்தான் விலை வந்தது.

படங்கள் சொல்லாதவையும் உண்டு. 2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளுக்கு, பிரித்தானியாவில் பாடநெறி முதுகலை மாணவரில் பெரும்பாலானோர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. புற்றரையில் சிரிப்பவரின் மனைவியும் பிள்ளையும் ஊரிலேயே நிற்கவேண்டும்.

'சர்வதேச மாணவர்' என்ற சொல் என்னை உறுத்துகிறது. நான் இங்கே வந்தபோது யாரும் என்னைச் சர்வதேசமானவன் என்று அழைக்கவில்லை. அகதி என்றார்கள். என் பட்டம் பெட்டிக்குள் போயிற்று, நான் தொழிற்சாலைக்குப் போனேன். என் மருமகனும் அதே ஊர், அதே மொழி. அவனை வரவேற்கும் சொல்லுக்கும் என்னைத் தடுத்த சொல்லுக்கும் இடையில் இருப்பது ஒரு வங்கிக் கணக்கு.

"மாமா, படங்களைப் பாத்தா லண்டன்தான் நல்லாக் கிடக்கு" என்கிறான். கட்டணமும் விசா விதியும் உள்ள பக்கங்களை முதலில் வாசிக்கும்படி எழுதியிருக்கிறேன். நாமும் பிள்ளைகளுக்குத் தரவரிசையைத்தானே ஒப்புவிக்கிறோம்? நண்பர்கள் மறுப்பதாயின் எழுதட்டும், விவாதிப்போம்.