கடிதமா, கைப்பிரதியா?

அக்கா மகளிடம் நான் வாங்கி வந்த 'வெரிட்டி' பிரதி எனக்கு முன்பு ஏழு பேர் கைமாறியிருந்தது. கடைசி வெற்றுத் தாளை யாரோ பென்சிலால் இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் 'கைப்பிரதி' என்றும் மறுபக்கம் 'கடிதம்' என்றும் எழுதியிருந்தார்கள். படித்து முடித்த ஒவ்வொருவரும் தாம் நம்பிய பக்கத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கைப்பிரதிக்கு நான்கு, கடிதத்துக்கு மூன்று. "முடிச்சதும் உங்க கோட்டையும் போட்ருங்க மாமா, ஈக்வல் ஆகுதான்னு பாக்கணும்" என்று சொல்லித்தான் புத்தகத்தையே கொடுத்தாள்.

விளையாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வைத்துச் சொல்லப்படுகிற வாதத்தோடுதான் எனக்குச் சண்டை. வாசகர்களை இப்படிச் சரிபாதியாகப் பிளந்து வருடக்கணக்கில் வாதாட வைத்ததே இந்த நாவலின் சாதனை, முடிவை வாசகரிடம் ஒப்படைத்த துணிச்சல்தான் இதை மற்ற காதல் மர்மக் கதைகளிலிருந்து உயர்த்துகிறது என்று இதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். 2018 டிசம்பரில் காலீன் ஹூவர் தாமே பதிப்பித்து வெளியிட்ட புத்தகம் இது. பிறகு பெரிய பதிப்பகம் ஒன்று எடுத்துக்கொண்டது. ஒரு சிறப்புப் பதிப்பில் கூடுதலாக ஓர் அத்தியாயமும் சேர்ந்தது. ஆன் ஹாத்தவே, டகோட்டா ஜான்சன் நடிக்க, மைக்கேல் ஷோவால்டர் இதைப் படமாகவும் எடுத்திருக்கிறார். படத்தோடு வாதமும் இன்னொரு சுற்று வரும். அதற்குள் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். கையில் எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை. வெர்மான்ட் வீட்டின் அந்த அலுவலக அறை, மாடியில் அசைவில்லாமல் கிடக்கிற எழுத்தாளர் வெரிட்டி, அவளுடைய கைப்பிரதியில் திருட்டுத்தனமாக ஓர் அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்து அவள் கணவன் ஜெரமியோடு சாப்பிட உட்காரும், அந்த வீட்டில் தங்கியிருக்கும் லோவன். இந்த ஏற்பாட்டில் பழுது சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. படுக்கையறைக் காட்சிகள் அதிகம் என்று முகம் சுளிப்பவர்களோடும் நான் இல்லை. குழந்தைகளுக்கு நேரும் கொடுமையைத் தாங்க முடியாமல் பாதியில் மூடி வைத்தவர்களோடு வாதாடவும் மாட்டேன். அவர்கள் மூடியது சரிதான்.

முடிவுக்கு வருவோம். வெரிட்டி எழுதிய கைப்பிரதி, தன் இரட்டைப் பெண் குழந்தைகளை வெறுத்த ஒரு தாயின் வாக்குமூலம். அவர்களில் ஹார்ப்பரைப் படகைக் கவிழ்த்து ஏரியில் மூழ்கவிட்டதாக அதில் அவளே எழுதியிருக்கிறாள். லோவன் அதை ஜெரமியிடம் கொடுக்கிறாள், வெரிட்டி சாகிறாள். மாதங்கள் கழித்துத் தரைப்பலகைக்கு அடியில் ஒரு கடிதம் கிடைக்கிறது. வில்லியின் மனதுக்குள் புகுந்து எழுதப் பழகுவதற்காகச் செய்த பயிற்சிதான் அந்தக் கைப்பிரதி, அதில் உள்ள கொடுமை எல்லாம் கற்பனை என்கிறது கடிதம். எது உண்மை?

இதை இரட்டைப் பொருள் என்கிறார்கள். நான் நாணயம் சுண்டுவது என்பேன். ஹென்றி ஜேம்ஸ் 1898இல் வெளியிட்ட 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வில் பேய்கள் உண்மையா, ஆசிரியையின் மனக்கோளாறா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எட்மண்ட் வில்சன் 1934இல் மனக்கோளாறு என்று வாதிட்ட பிறகு அது இன்னும் சூடேறியது. ஆனால் அங்கே முதல் பேய்க்காட்சியிலிருந்தே ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ஒரு கட்சியிலிருந்து மறுகட்சிக்குத் தாவினால் சிறுவன் மைல்ஸின் ஒவ்வொரு சிரிப்பும் வேறாகிறது. 'வெரிட்டி'யில் கட்சி மாறினால் என்ன மாறுகிறது? முன்பு படித்த பக்கங்களின் மேல் ஒட்டியிருந்த சீட்டு மட்டும். 'உண்மை' என்பதைக் கிழித்துவிட்டுப் 'பயிற்சி' என்று ஒட்டிக்கொள்ளலாம். சந்தேகம் கதைக்குள்ளேயே விளையவில்லை, கடைசியில் தபாலில் வந்து சேர்கிறது.

ஒரு சின்ன இடம். கைப்பிரதியில் கட்டில் தலைமாட்டுப் பலகையில் பதிந்த பல்தடத்தைப் பற்றி வருகிறது. லோவன் போய்ப் பார்க்கிறாள், தடம் இருக்கிறது. எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றிய இடம் இது. ஒரு வாசகி, படித்ததைப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். ஆனால் அந்தத் தடம் எதை நிரூபிக்கிறது? கணவனும் மனைவியும் ஆசையாக இருந்தார்கள் என்பதை. ஏரியில் நடந்ததை இல்லை. பல்தடம் இருப்பதால் கொலையும் உண்மை என்று நம் மனம் வழுக்குகிறதே, அந்த வழுக்கலைப் பற்றித்தான் இந்த நாவல் இருந்திருக்க வேண்டும். ஜெரமியை விரும்பும் லோவனுக்கு, அவன் மனைவி அரக்கியாக இருப்பது வசதி. தனக்கு வேண்டியதை ஆதாரமாகப் படிக்கிற ஒருத்தி! ஹூவர் கையில் அந்தப் பெரிய விஷயம் இருந்தது. அதைக் கடைசிச் சில பக்கங்களில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். லோவன் கடிதத்தைக் கிழித்து அழிக்கிறாள்; வயிற்றில் குழந்தை; கதை முடிகிறது. இதுவே பயங்கரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், ஒரு நிமிடம். அதற்குள் வாசகர் கையில் அந்தப் பென்சில் வந்துவிடுகிறதே.

அந்தப் பென்சில் கேட்கும் கேள்விதான் என் நெடுநாள் புகார். இந்த வகை நாவல்களில் ஆண் ஒரு பரிசுப்பொருள். கதை என்ன சேற்றில் புரண்டாலும் அவன் சட்டை கசங்கக் கூடாது. சட்டை என்று சும்மா சொல்லவில்லை. முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். நியூயார்க் தெருவில் லாரி மோதி ஒருவன் சாகிறான். லோவன் மேல் ரத்தம் தெறிக்கிறது. முன்பின் தெரியாத ஒருவன், ஜெரமிதான், அவளைக் கழிவறைக்கு அழைத்துப் போய்த் தன் சட்டையைக் கழற்றிக் கொடுக்கிறான். தன் மகளின் உடலை ஏரியிலிருந்து தூக்கியவன் என்று சொல்கிறான். சில பக்கங்களில் நம் நம்பிக்கை முழுவதும் அவன் கைக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு நாவல் அதை அவனிடமிருந்து திரும்ப வாங்குவதே இல்லை.

இப்போது கணக்குப் பாருங்கள். கைப்பிரதி உண்மையென்றால், எதிர்த்துப் பேசவும் முடியாத நிலையில் கிடப்பதாகத் தான் இத்தனை நாள் நம்பிய மனைவியின் கழுத்தை ஜெரமி நெரிக்கிறான். இயற்கைச் சாவாகத் தெரிய என்ன செய்ய வேண்டும் என்று லோவன் யோசனை சொல்கிறாள். கடிதம் உண்மையென்றால், அவன் அந்தக் கைப்பிரதியை முன்பே படித்துவிட்டான். வெரிட்டியைப் படுக்கையில் தள்ளிய கார் விபத்தே அவன் வேலை. லோவன் அதை நீட்டியபோது முதல்முறை படிப்பவனாக அவன் நடித்திருக்கிறான். ஆக, ஒரு கணக்கில் ஒருமுறை, இன்னொரு கணக்கில் இருமுறை. இரண்டு பத்தியிலும் அவன் கொலைகாரன். ஆனால் நாவல் நம்மைக் கேட்பது, இரண்டு பெண்களில் ஒருத்தி எழுதியதில் எது பொய் என்று மட்டும். போலீஸ் வேண்டாம், தண்டனை வேண்டாம், நான் அறநூல் கேட்கவில்லை. அவன் பக்கம் ஒரு விளக்கைத் திருப்பியிருக்கலாம்.

வகைக்கே இதுதான் விதி, ஹூவரை மட்டும் குறை சொல்வானேன் என்பார்கள். விதியை எழுதியவரிடமே போவோம். டாஃப்னி டு மோரியேவின் 'ரெபெக்கா' 1938இல் வந்தது. அங்கேயும் கணவன் முதல் மனைவியைக் கொன்றவன். அவன் ஒப்புக்கொள்ளும்போது பெயரில்லாத அந்த இரண்டாம் மனைவிக்கு வருவது திகில் இல்லை, நிம்மதி. அவன் ரெபெக்காவைக் காதலிக்கவே இல்லை என்ற நிம்மதி! 1940இல் ஹிட்ச்காக் படமாக்கியபோது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளுக்காகக் கொலையை விபத்தாக மாற்ற வேண்டியிருந்தது. படம் துடைத்ததை டு மோரியே துடைக்கவில்லை. அவர்கள் வாழ்ந்த மாண்டர்லி மாளிகை எரிந்துவிட்டது. கணவனும் மனைவியும் அயல்நாட்டு ஓட்டல்களில் அலைகிறார்கள். ஊர்ப் பத்திரிகையில் வரும் கிரிக்கெட் செய்தியை அவள் அவனுக்குப் படித்துக் காட்டுகிறாள். கொலையை மன்னித்ததற்கான வாழ்க்கை அது. அதையும் கதையின் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறார், யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாதபடி. அதைப் படித்த பிறகும் காதல் கதை என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

நான் கொஞ்சம் அநியாயமாகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. ரயிலில் படிக்க எழுதிய புத்தகத்தை ஜேம்ஸோடும் டு மோரியேயோடும் நிறுத்தி அடிப்பது சரியா? ஆதரவாளர்கள்தான் முதலில் அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். 'விறுவிறுப்பான கதை' என்று விட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். 'முடிவை வாசகருக்கு விட்ட மேதைமை' என்றதால்தான் வாயைத் திறந்தேன். வாசகருக்கு விட்டது முடிவு இல்லை. இரண்டு பெட்டிகளும் ஒரு பென்சிலும். மூன்றாவது பெட்டியை வரைய யாருக்கும் தோன்றாதபடி கதையை அமைத்ததில்தான் அவருடைய திறமை இருக்கிறது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் முதலில் கடைசித் தாளைத்தான் புரட்டினாள். கைப்பிரதிக்கு நான்கு, கடிதத்துக்கு மூன்று. அடியில் நான் 'ஜெரமி' என்று எழுதி ஒரு கோடு போட்டிருந்தேன். "இது ஆட்டத்துலயே இல்லையே மாமா" என்றாள்.