மகளின்வழித் தன்னைக் கண்ட தாய்: ஒரு தன்வரலாற்று நூல் குறித்த திறனாய்வு

ஆட்டிசம் உடைய குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் எழுதிய நூல்களுள் பல, அந்நிலை இல்லாதவரின் பார்வையில் அமைந்தவை. கிளாரா கிளெய்பார்ன் பார்க் 1967இல் வெளியிட்ட 'முற்றுகை' இதற்குத் தக்க சான்றாகும். குழந்தை மதிலுக்கு உள்ளேயும் தாய் வெளியேயும் நிற்பதை அதன் தலைப்பே உணர்த்திவிடுகிறது. இருவரும் ஒரே மதிலுக்குள் இருப்பின் என்னாகும் என்னும் வினாவை எழுப்புவது, அமெரிக்கரான லியேன் ஹாலிடே வில்லி 1999இல் எழுதிய 'இயல்பினராக நடித்தல்'.

மகள்களுள் ஒருவருக்கு ஆஸ்பெர்கர் நிலை கண்டறியப்பட்ட பின்னரே, தம் இளமைக்கும் அதுவே விளக்கம் என்பதை வில்லி உணர்ந்தார். பொம்மைகளுக்கு வைத்த தேநீர் விருந்தில் அவருக்கு இன்பம் தந்தது விருந்தன்று, பொருள்களை ஒழுங்காக அடுக்குவதே. சொற்களை நேர்ப்பொருளில் கொண்டதும், பல்கலைக்கழக வளாகத்தில் வழியறியாது திகைத்ததும் இவ்வுணர்வின் ஒளியில் புதுப்பொருள் பெறுகின்றன.

நூலின் அமைப்பு ஈண்டு கருதத்தக்கது. காரண வரிசையில் மகளின் கதையே முதலாவது. கதைகூறல் வரிசையிலோ அது பிற்பகுதியில்தான் இடம்பெறுகிறது. ஆகவே, மகள் தாயைக் காட்டும் கண்ணாடியாகிறாளேயன்றித் தானே பேசும் பாத்திரமாவதில்லை. தன்னை ஒத்த தாயிடம் வளர்வது எத்தகையது என்பதை அவள் வாய்மொழியாக நாம் அறிய இயலவில்லை. தன்வரலாறு என்னும் இலக்கிய வகையின் எல்லை அது எனினும், நூலின் குறையும் அதுவே.

ஆயினும் இந்நூலின் வரலாற்று மதிப்பு பெரிது. 1943இல் 11 குழந்தைகளை ஆராய்ந்த லியோ கன்னர், அவர்தம் பெற்றோரிடமும் ஒதுங்கிய இயல்பைக் கண்டார். அக்குறிப்பு காலப்போக்கில் 'பாசமற்ற தாய்' என்னும் பழியாகத் திரிந்தது. 1967இல் வெளிவந்த புருனோ பெத்தல்ஹைமின் 'வெற்றுக் கோட்டை' அப்பழியைப் பரப்பிற்று. 1977இல் ஃபோல்ஸ்டீனும் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து மரபுவழிக் கூறினைச் சுட்டினர். கன்னர் கண்ட ஒப்புமை பெற்றோரின் குற்றமன்று, அது உறவின் சாயல் எனக் கொள்ள இவ்வாய்வு இடமளித்தது. அச்சாயலைத் தன்மை ஒருமையில் பேசவைத்ததே வில்லியின் சாதனை எனலாம்.

புரியாமை இருபாலும் நிகழ்வது என 2012இல் டேமியன் மில்ட்டன் வாதிட்டார். இதனைக் கொண்டு, ஒத்த இயல்பினர் எளிதில் ஒத்துப்போவர் என முடிவுகட்டுதல் பொருந்தாது. ஒருவருக்கு ஆறுதலாகும் முணுமுணுப்பு மற்றவர் செவிக்கு வதையாகலாம்.

'மதியிறுக்கம்' என்னும் நம் கலைச்சொல்லும் மீளாய்வுக்குரியது. அச்சொல் ஒரு தீர்ப்பைத் தன்னுள் சுமந்து நிற்கிறது. பெற்றோர் சந்திப்பில் முகம் பாராது பேசும் தந்தையை அக்கறையற்றவர் எனத் தமிழாசிரியர் ஒருவர் குறித்துக்கொள்ளும் முன், இந்நூலை ஒருமுறை படிப்பது நன்று. அம்மாணவனின் இயல்பை வீட்டில் மிக நன்கு அறிந்தவர் அத்தந்தையாகவே இருக்கலாம்.