உதவித்தொகையா, உரிமைத்தொகையா? திருப்பூரிலிருந்து ஒரு கணக்கு

தமிழ்நாட்டு அரசு மாதாமாதம் மக்களின் வங்கிக் கணக்கில் போடும் இரண்டு தொகைகளின் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று முதியோர் உதவித்தொகை, 1962-லிருந்து இருப்பது. இன்னொன்று கலைஞர் மகளிர் உரிமைத்தொகை, 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. ஒன்றில் 'உதவி', மற்றதில் 'உரிமை'. பேர்ல என்னங்க இருக்கு என்று கேட்கலாம். இங்கே நிறைய இருக்கு. யாருக்குக் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும், எப்போது உயரும் என்ற மூன்றுமே அந்த ஒரு சொல்லோடு சேர்ந்துதான் வருகின்றன என்பது என் வாதம்.

உரிமைத்தொகைக்கு அரசு கேட்ட முக்கியமான கேள்விகள் இவை: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்கா? நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்கு மேல் போகலையே? வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் கரண்ட் ஓடுதா? வசதியானவர்களை வெளியே நிறுத்திவிட்டு மற்றவர்களை உள்ளே விடுகிற கேள்விகள். அதனால்தான் தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. யாரும் தன்னைக் கைவிடப்பட்டவள் என்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

முதியோர் உதவித்தொகை கேட்கும் கேள்வி வேறு: நீங்கள் ஆதரவற்றவரா? வருமானம் இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி சொத்து இல்லை என்று காட்ட வேண்டும். விஏஓ விசாரித்து, ஆர்ஐ விசாரித்து, தாசில்தார் ஆணை போட வேண்டும்.

இந்தக் கேள்வியைத் திருப்பூருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு அம்மா. வயது 62. முப்பது வருஷத்துக்கு மேல் பனியன் கம்பெனிகளில் செக்கிங், பிசிறு வெட்டுவது, மடிப்பு என்று வேலை பார்த்தவர். கண் மங்கிவிட்டது, இனி யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். மகன் வீட்டில் இருக்கிறார். மகன் பவர்டேபிள் டைலர், பீஸ் ரேட். ஆர்டர் இருந்தால் தினமும் ஒன்றரை ஷிப்ட், இல்லாவிட்டால் வாரத்தில் மூன்று நாள் வேலை. காகிதத்தில் பார்த்தால் இந்த அம்மாவுக்கு ஆதரவு இருக்கு, மகனே இருக்கிறானே! நிஜத்தில் சுகர் மாத்திரை வாங்கவும் சனிக்கிழமை சம்பளம் வரும்வரை காத்திருந்து மகனிடம் கேட்க வேண்டும். மகன் கெட்டவன் என்று இல்லை. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் முதலில் நிற்கும், அம்மாவின் மாத்திரை கடைசியில் நிற்கும். இவர் ஆதரவற்றவர் இல்லை, கையில் காசில்லாதவர். திட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

முப்பது வருஷம் உழைத்தவருக்குப் பென்ஷன் வராதா? 1995-ல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் வாங்க 10 வருஷப் பதிவு வேண்டும். பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தும். ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட், கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட், தீபாவளி போனஸ் வாங்கியதும் வேறு கம்பெனி என்று ஓடிய வாழ்க்கையில் அந்தப் பத்து வருஷம் சேரவே சேராது. சேர்ந்தாலும், 2014-லிருந்து அதன் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய்தான். ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடிக்கு ஏற்றுமதி செய்யும் ஊர் இது. அந்தக் கோடிகளில் இவர் வெட்டிய பிசிறும் உண்டு, அதற்கான பதிவு மட்டும் எங்கேயும் இல்லை.

இனி, எவ்வளவு என்ற கேள்விக்கு வருவோம். மத்திய அரசின் திட்டம் 1995-ல் 75 ரூபாயில் தொடங்கியது. இன்றைய பெயர் 2007-ல் வந்தது. 2011-லிருந்து 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு டெல்லியின் பங்கு மாதம் 200 ரூபாய், 80 தாண்டினால்தான் 500. மிச்சத்தை மாநிலம் போடுகிறது. தமிழ்நாடு 2011-ல் இதை 1,000 ஆக்கியது. அடுத்த உயர்வு 2023 ஆகஸ்டில், 1,200. பன்னிரண்டு வருஷத்தில் 20 சதவீதம். அதே காலத்தில் விலைவாசி ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதாவது, உயர்வு என்று அறிவித்த அன்றைக்கே அந்தப் பணம் 2011-ல் இருந்ததைவிடக் குறைவாகத்தான் வாங்கியது. 1,200-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 40 ரூபாய்.

இதில் திருப்பூருக்கென்று ஒரு கசப்பு இருக்கு. 1984-ல் இந்த ஊர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலை ஏறினால் கூலியும் ஏறணும், அதுதான் கோரிக்கை. அன்றைக்கு இருபது, இருபத்தைந்து வயதில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. இளமையில் எதற்காகப் போராடினார்களோ அது அவர்களின் முதுமைக்கான தொகையில் இல்லை. கூலிக்கு சில வருஷத்துக்கு ஒருமுறை சங்கங்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போடுகின்றன. உதவித்தொகைக்குப் பேச யாரும் இல்லை. உதவி என்பதால் கொடுப்பவர் மனசு வைக்கும்போது உயரும், பெரும்பாலும் தேர்தலை ஒட்டி.

மாற்றுத்திறனாளிகள் பக்கம் சட்டம் கொஞ்சம் வலுவாக இருக்கு. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 24, இவர்களுக்கான உதவி மற்றவர்களுக்கான அதேபோன்ற திட்டத்தைவிடக் குறைந்தது 25 சதவீதம் அதிகமாக இருக்கணும் என்கிறது. தமிழ்நாட்டில் வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ஆனது. 1,200-க்கு மேல் 25 சதவீதம் போட்டுப் பாருங்கள், சரியாக 1,500 வரும். சட்டம் சொன்ன தரைமட்டம் எதுவோ, அதிலேயே போய் நிற்கிறது. மத்தியத் திட்டம் இன்னும் மோசம். சட்டம் 40 சதவீதத்திலிருந்தே பலன்களுக்குரிய அளவாக ஏற்கிறது, ஆனால் மத்திய அரசின் 300 ரூபாய்க்கு 80 சதவீத ஊனமும் வறுமைக்கோட்டுக்குக் கீழான நிலையும் வேண்டும்.

சதவீதத்திலேயே ஒரு சிக்கல் இருக்கு. கட்டிங் மெஷினில் கட்டைவிரல் முழுசாகப் போனால் 1923-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அளவுகோல் வேறு, ஆனால் தர்க்கம் ஒன்றுதான். இரண்டும் உடலை அளக்கின்றன, பிழைப்பை அளப்பதில்லை. கட்டைவிரல் இல்லாத கட்டிங் மாஸ்டர் தன் தொழிலில் இழந்தது 30 சதவீதமா?

இந்த ஊரில் இன்னொரு கூட்டமும் இருக்கு. தென்மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். ரேஷன் கார்டை இப்போது எந்த மாநிலத்திலும் பயன்படுத்தலாம். உதவித்தொகைக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை, முகவரி எங்கேயோ அங்கேதான் மனு.

"எல்லாருக்கும் கொடுக்கக் காசு எங்கே?" என்பது நியாயமான கேள்வி. எல்லாருக்கும் வேண்டாம். வருமான வரி கட்டுபவரையும் அரசு ஓய்வூதியம் வாங்குபவரையும் விலக்கிவிட்டு மற்ற முதியவர்களுக்குக் கொடுக்கலாம். மகளிருக்கு அப்படிச் செய்து காட்டிய நிர்வாகம்தானே இது. நம்மைவிட ஏழை நாடான நேபாளம் 1990-களின் நடுவில், ஆதரவு இருக்கா இல்லையா என்று கேட்காமல், 75 வயதானால் போதும் என்று தொடங்கிப் பிறகு வயதைக் குறைத்துக்கொண்டே வந்தது. ராஜஸ்தான் 2023-ல் ஓய்வூதியம் ஆண்டுக்கு 15 சதவீதம் உயரும் என்று சட்டமே போட்டது. ஆந்திரம் 2024 ஜூலையிலிருந்து முதியோருக்கு 4,000, மாற்றுத்திறனாளிகளுக்கு 6,000 கொடுக்கிறது. அந்தச் சுமையை அது எத்தனை நாள் தாங்கும் என்று விவாதிக்கலாம். ஆனால் 1,200-தான் இயற்கை விதித்த எல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

எனவே தொகையை மட்டும் உயர்த்துங்கள் என்று கேட்பது போதாது. மனுவில் இருக்கும் கேள்வியை மாற்றணும். உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கட்டும். விலையோடு சேர்ந்து தொகை தானாக ஏறட்டும், 1984-ல் கேட்ட அதே பஞ்சப்படி மாதிரி. மகனோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டே, அவனிடம் கை நீட்டாமல் அந்த அம்மா மாத்திரை வாங்க முடிந்தால், அன்றைக்கு அந்தத் தொகைக்கு உரிமை என்று பேர் வைக்கலாம்.