சூரியாவின் உதயமும் அஸ்தமனமும்

இசையைப்பற்றி எழுதும் நம்மவர் இராகத்தைப் பேசுவர். குரலின் இனிமையைப் பேசுவர். இசைத்தட்டை வெளியிட்டவர் யார், அதன் இலாபம் எவரைச் சேர்ந்தது என்று கேட்பவர் அரியர். கொழும்பிலே தோன்றி மறைந்த 'சூரியா' இசைத்தட்டு நிறுவனத்தின் வரலாறு இக்கேள்விகளை நம்முன் வைக்கின்றது.

நீண்டகாலமாக நமது நாட்டில் இசைத்தட்டு என்றால் எச்.எம்.வி., கொலம்பியா முதலிய அந்நியப் பெயர்களே நினைவுக்கு வந்தன. 1960களின் இறுதியில் ஜெரால்ட் விக்ரமசூரிய தொடங்கிய சூரியா, உள்ளூர் இளைஞரின் பாடல்களை உள்ளூர்ப் பெயரிலேயே வெளியிட்டது. 1966இல் உருவான மூன்ஸ்டோன்ஸ் குழுவினர் அதன் வழியே புகழ்பெற்றனர். அக்குழுவின் கிளாரன்ஸ் விஜேவர்த்தன (1943–1996) சிங்கள மெல்லிசைக்கு மின்கிற்றாரின் ஒலியைப் பழக்கியவர். இவ்விசைக்குப் பின்னணியில், போர்த்துக்கேயர் காலந்தொட்டுக் கரையோரக் கத்தோலிக்க மக்களிடையே ஊறியிருந்த பைலா நின்றது. அதனைச் சிங்களத்தில் வளர்த்த வொலி பஸ்தியன் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். கனவான்கள் 'மலிவானது' என ஒதுக்கிய மக்கள் இசை, இவ்வாறு வரவேற்பறைகளிலும் இடம்பிடித்தது. சூரியாவின் சாதனையை இங்கேதான் காணவேண்டும்.

அதன் குறையும் மறைக்கத்தக்கதன்று. காதலும் களியாட்டமும் நிறைந்த அப்பாடல்களில் 1971 ஏப்ரலில் வெடித்த இளைஞரின் கொதிப்பைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். கிற்றார் வந்த அளவுக்கு வாழ்க்கை வரவில்லை.

எனினும் சூரியாவை வீழ்த்தியது இக்குறை என்று கூறுவது பொருந்தாது. 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதியைக் கடுமையாக இறுக்கியது. இடதுசாரிகள் பங்குபற்றிய அரசு அது. உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் இசைத்தட்டுத் தொழிலோ இறக்குமதிப் பொருள்களை நம்பியது. சிறு நிறுவனத்தால் அந்த இறுக்கத்தைத் தாங்க இயலவில்லை. 1970களின் நடுப்பகுதியோடு அதன் பொற்காலம் முடிந்தது. 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு கசற் வெள்ளமெனப் புகுந்தது. 1979இல் அறிவுசார் சொத்துச் சட்டம் வந்தபோதிலும், பிரதியெடுப்பவனின் கை ஓயவில்லை. ஒரு கதவடைப்பு மூச்சை முட்டியது. மறு கதவுத்திறப்பு எஞ்சியதையும் அடித்துச் சென்றது.

தமிழருக்கு இதில் என்ன என வினவலாம். அதே காலத்தில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசைக்கு உருக்கொடுத்தனர். மனோகரனின் 'சுராங்கனி' 1977இல் தமிழகத் திரைப்படத்திலேயே ஒலித்தது. ஆயினும் அவ்விசையை நீடித்துத் தாங்கும் நிறுவனம் நம்மிடம் நிலைபெறவில்லை. தெஹிவளை, வெள்ளவத்தை வீடுகளில் தமிழகத் திரைப்பாட்டே ஆட்சிசெய்தது. 1983 ஆடிக்குப் பின்னரோ கேட்போரும் கலைஞரும் திசைதிசையாகச் சிதறினர்.

அமெரிக்காவிலும் இதற்கொப்பான ஒரு கதை உண்டு. 1993இல் தொடங்கிய 'டூத் அண்ட் நெயில்' என்னும் சிறு கிறிஸ்தவ நிறுவனம், பின்னர் 'சொலிட் ஸ்டேட்' என்ற கிளையின் மூலம் ஆரவாரமான மெற்றல் இசையையும் வெளியிட்டது. பக்தியால் ஒன்றுபட்ட இளைஞர் கூட்டம் அதற்குப் பலமாயிருந்தது. அத்தகைய பலமிருந்தும் 2013இல் அதன் பழைய ஒலிப்பதிவுகள் பெருநிறுவனமொன்றின் கைக்கு மாறின. இறைவனைப் பாடினாலும் காதலியைப் பாடினாலும், சந்தையின் விதி ஒன்றே போலும்!

ஆகவே, சூரியாவின் வீழ்ச்சியை ஒரு வியாபாரியின் நட்டமாக மட்டும் நாம் கருதுவதற்கில்லை. தனிமனித ஆர்வம் ஒரு கலையைத் தொடக்கிவைக்கும். அதனைக் காப்பதற்குக் கேட்போரின் கூட்டுமுயற்சி வேண்டும். பழைய தட்டுகளையும் கசற்றுகளையும் சேகரித்தல், பாடியவரின் உரிமையை வலியுறுத்தல், பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அவற்றை ஆய்வுக்குரியவை ஆக்குதல் ஆகியன ஆசிரியரும் மாணவரும் தொடங்கக்கூடிய பணிகள். சந்தை கைவிட்ட கலையை மக்களும் கைவிட்டால், பின்னர் அதனைத் தேடுவோருக்கு மௌனமே எஞ்சும்.