சர்வே எண்ணுக்குள் அடங்காத தண்ணீர்

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகும் சாலையில் பேரளம், பூந்தோட்டம் தாண்டி நன்னிலம், சன்னாநல்லூர் வரை பார்த்துக்கொண்டே போனால், நடவு முடிந்த வயல்களுக்கு நடுவே திடீரென்று ஒரு மேடு தென்படும். சவுடு கொட்டி நிரவி, மஞ்சள் பூசிய கற்களை வரிசையாக நட்டு, முகப்பில் ஒரு வளைவும் கட்டியிருப்பார்கள். பக்கத்திலேயே ‘டிடிசிபி, ரெரா அங்கீகாரம் பெற்ற மனைகள்’ என்ற பலகை நிற்கும். பலகையில் எழுதியிருப்பது முழுக்க உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதையெல்லாம் பார்த்து அந்த அங்கீகாரம் தரப்பட்டது, எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்பதைத்தான் டெல்டாவில் நாம் பேச வேண்டும்.

இந்த நடைமுறை செய்த நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன்புவரை ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் சிற்றூர்களில் மனைகள் தாராளமாக விலைபோயின. ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, ஊராட்சித் தலைவரின் முத்திரையை வாங்கினால் போதும், பத்திரம் பதிவாகிவிடும். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி அந்த முத்திரைக்கு மதிப்பில்லை என்பது, வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதுதான் வாங்கியவருக்குத் தெரியவரும். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அந்த ஒரு உத்தரவு மாநிலம் முழுக்க மனை வியாபாரத்தை நிறுத்தி நிதானிக்க வைத்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான பழைய மனைப்பிரிவுகளுக்கு 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2019-இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. சாலைகளைத் தானப்பத்திரம் போட்டு உள்ளாட்சிக்கு ஒப்படைப்பது, பெரிய மனைப்பிரிவானால் பூங்காவுக்கு இடம் விடுவது, ரெராவில் பதிவு செய்வது எல்லாம் இன்று தப்பிக்க முடியாத படிகள். கையில் சேர்ந்த சிறு தொகையில் இரண்டாயிரம் சதுர அடி வாங்க நினைக்கும் ஆசிரியருக்கும் கொத்தனாருக்கும் இது பெரிய பாதுகாப்பு. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியதில்லை, இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் வீட்டுக்கான அனுமதி இப்படி எளிதானதும், பரிசீலனையின் பாரம் முழுவதும் அதற்கு முந்தைய கட்டத்தில், மனைப்பிரிவு அனுமதியில் வந்து விழுகிறது. அங்கே கோட்டை விட்டால் பிறகு பிடிக்க ஆளில்லை.

மனைப்பிரிவு விண்ணப்பத்தில் பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாம் இருக்கும். புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கு எதுவும் குறுக்கே போகவில்லை என்றால், ‘இந்தச் சர்வே எண்ணில் நீர்வழி இல்லை’ என்று எழுதிவிடலாம். ஆவணப்படி அது சரி. ஆனால் நன்னிலம் பக்கத்து வயல்களில் தண்ணீர் புலப்படத்தைப் பார்த்து ஓடுவதில்லை. குடமுருட்டியிலிருந்து பிரியும் முடிகொண்டானும் திருமலைராஜனும், காவிரியின் கிளையான அரசலாறும் இப்பகுதிக்குத் தண்ணீர் கொண்டுவருகின்றன. ஆற்றிலிருந்து ஏ வாய்க்கால், அதிலிருந்து பி, சி என்று பிரிந்து பிரிந்து வந்து, கடைசிக் கட்டத்தில் வாய்க்காலே இல்லாமல் வயல் விட்டு வயல் பாய்கிறது. மேல் வயலின் வரப்பில் ஒரு மடையைத் திறந்தால் கீழ் வயலுக்குத் தண்ணீர். மழைக்காலத்தில் அதே மடை வழியாகத்தான் உபரி நீர் வடிந்து, வடிகாலைத் தேடிப் போகிறது. பட்டா நிலத்துக்குள் தலைமுறைகளாக ஓடும் இந்த வழிக்குப் புலப்படத்தில் கோடு கிடையாது. கோடு இல்லாததால் அது பரிசீலனைக்கும் வருவதில்லை.

நடுவில் இரண்டு ஏக்கர் மனையாகிவிட்டால் என்ன நடக்கும்? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்போது மேட்டுக்கு அந்தப் பக்கத்து வயலுக்கு வழி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்துப் பெய்யும்போது மேட்டுக்கு இந்தப் பக்கத்து வயலுக்கு வடிய வழி இல்லை. மனைப்பிரிவுச் சாலையின் அடியில் ஒரு சிமெண்ட் குழாயைப் புதைத்திருப்பார்கள். முதல் மழையிலேயே அதன் வாயில் வைக்கோலும் சேறும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொள்ளும். நட்டு இருபது நாளான சம்பாப் பயிர் நான்கைந்து நாள் முழுகிக் கிடந்தால் அழுகத் தொடங்கிவிடும். மறுநடவுக்கு நாற்றும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது.

நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இதற்காகத்தானே என்று கேட்கலாம். அந்தச் சான்றில் வழக்கமாக முதல் கேள்வி, இந்த மனையில் வெள்ளம் புகுமா என்பது. புகும் என்றால், இத்தனை அடி மண் நிரப்பி உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். மனை வாங்குகிறவருக்கு அது நியாயமான காப்பு. அந்த இடத்தில் இதுவரை பரவி நின்ற தண்ணீர் இனி எங்கே போய் நிற்கும் என்பதற்கும் அதே அழுத்தத்தோடு பதில் வேண்டும். மேடாக்கிய ஒவ்வொரு மனைப்பிரிவும் தன் பங்கு வெள்ளத்தைப் பக்கத்து வயலுக்குத் தள்ளிவிடுகிறது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதைப் பார்த்த பிறகும், பக்கத்து வயலைக் கணக்கில் சேர்க்காத சான்றைப் போதுமானது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த ஓட்டை அளவில் இருக்கிறது. 2019 விதிகளின்படி 3,000 சதுர மீட்டர் வரையிலான மனைப்பிரிவுக்குத் திறந்தவெளி ஒதுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 10,000 வரை, சாலை நீங்கலாகப் பத்து சதவீதம் ஒதுக்க வேண்டும், இடமில்லாத நிலையில் அதன் மதிப்பைக் கட்டலாம். 10,000-க்கு மேல் போனால்தான் இடமாகவே விட்டாக வேண்டும். சென்னைப் புறநகருக்கு இது பொருந்தலாம். நம் ஊர்க் கணக்கில் ஒரு மா என்பது நூறு குழி, அதாவது 14,400 சதுர அடி. 3,000 சதுர மீட்டர் என்பது இரண்டேகால் மாவுக்குச் சற்றுக் குறைவு. இங்கே சிறு விவசாயி கையில் இருப்பதே ஒரு மா, இரண்டு மா. ஆகவே யாரும் விதியை மீறாமலே, ஒரு குளத்தளவு இடம்கூடத் திறந்தவெளியாக விடாமல், ஒரு வேலி நிலத்தைத் துண்டு துண்டாக மனையாக்கிவிட முடியும். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக்கோப்பு, தனி ஒப்புதல். மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கண் அலுவலகத்தில் இல்லை.

டெல்டாவுக்குத்தான் தனிச்சட்டம் இருக்கிறதே என்று பலர் நம்புகிறார்கள். 2020 பிப்ரவரியில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் திருவாரூர் மாவட்டத்தையும் உள்ளடக்கியதுதான். மீத்தேனுக்கும் ஹைட்ரோகார்பனுக்கும் எதிராக ஆண்டுக்கணக்கில் மக்கள் நடத்திய போராட்டத்தின் பலன் அது. எண்ணெய், எரிவாயு எடுப்பதும், உருக்காலையும் தோல் பதனிடும் ஆலையும் அதன் தடைப்பட்டியலில் உள்ளன. வீட்டுமனை அதில் இல்லை. டெல்டாவின் வயல் சத்தமில்லாமல் குறைவது இந்த வழியில்தான்.

நஞ்சையை மாற்றத் தனித் தடை இருப்பது உண்மை. திட்டப்பகுதி அல்லாத ஊர்களுக்காக 2017-இல் வந்த விதிகளில் வேளாண் இணை இயக்குநரின் கருத்தும் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலும் கேட்கப்படுகின்றன. பக்கத்து நிலங்களின் சாகுபடிக்குப் பாதிப்பு வருமா என்ற கேள்வி எழ வேண்டிய இடம் இதுவே. ஆனால் பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்காமலே அதற்குப் பதில் எழுதிவிட முடிகிறது.

விற்கிறவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று காத்திருந்து, சம்பாவை மழையில் விட்டு, கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு ஈரப்பதத்துக்காக நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தவர், மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாவை விற்றால் அது அவர் உரிமை. நன்னிலத்துக்கும் வீடுகள் வேண்டும். மாதம் முழுக்க உழைத்தும் வாடகை வீட்டில் இருப்பவருக்கு மனை தேவைதான். எனவே முழுத் தடை கேட்பவர்களோடு நான் சேரவில்லை. விற்கிற உரிமை ஒருவருக்கு இருப்பதுபோல, கீழ் வயல்காரருக்குத் தண்ணீர் வரவும் வடியவும் உரிமை உண்டு. இப்போதைய நடைமுறை முதல் உரிமைக்கு மட்டும் கோப்பு திறக்கிறது.

கேரளம் 2008-இல் கொண்டுவந்த நெல்வயல், ஈரநில பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளாட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர் ஆகியோரோடு விவசாயிகளின் பிரதிநிதிகளும் அடங்கிய உள்ளூர்க் குழு உண்டு. எந்தெந்த நிலம் நெல்வயல் என்ற பட்டியலும் உண்டு. 2018-இல் திருத்தங்கள் வந்து அந்தச் சட்டம் தளர்ந்துபோனது. அந்தத் தளர்வையும் நாம் பாடமாகக் கொள்ள வேண்டும். ஆனாலும் வயலை அறிந்தவர் குழுவில் உட்கார்ந்திருப்பது, தாலுகா அலுவலகத்தில் படத்தைப் பார்த்துக் கையெழுத்திடுவதைவிட எத்தனையோ மடங்கு மேல்.

திருவாரூர் மாவட்டத்தில் இதற்குப் புதுச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்சியரின் ஒப்புதல் தேவைப்படும் நஞ்சைக் கோப்பு ஒவ்வொன்றிலும், ஆட்சியரே மூன்று தாள்களைக் கூடுதலாகக் கேட்கலாம். அந்த மனைக்கு மேலும் கீழும் பாயும் வயல்களின் சர்வே எண்கள் ஒன்று. மடையும் வடிகாலும் எங்கே என்று அந்தந்தப் பட்டாதாரர்களை நேரில் வைத்து, நீர்வளத் துறைப் பணி ஆய்வாளரும் கிராம நிர்வாக அலுவலரும் வரைந்து கையெழுத்திட்ட படம் ஒன்று. அதே வாய்க்கால் பாசனத்தில் இதற்கு முன் எத்தனை மா மனையாக மாறியிருக்கிறது என்ற கணக்கு ஒன்று. வயல் வழி குறுக்கே போனால் அதைத் திறந்த வாய்க்காலாக விட்டு, சாலையோடு சேர்த்துத் தானப்பத்திரத்தில் எழுதி, தூர்வாரும் பொறுப்பைப் பேரூராட்சியோ ஊராட்சியோ ஏற்க வேண்டும். இந்தப் படத்தை ஆடிப்பெருக்கு சமயத்தில் ஒருமுறையும், கார்த்திகை மழையில் ஒருமுறையும் வயலில் நின்று சரிபார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும். விண்ணப்பதாரர் சில மாதங்கள் காத்திருக்க நேரும். காத்திருக்கட்டும்.