ஆறு வாரத்து வாத்தியார்

திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் நண்பர் ஒருவர் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வருகிறார். கார்த்திகை தீபத்துக்குப் போயிருந்தபோது என் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். "நீங்கள் கதை எழுதுகிறவர்; மனுஷர்களைத் தெரிந்தவர். இதற்கு என்ன பதில் எழுதலாம், சொல்லுங்கள்" என்றார். 

கடல் கடந்து வந்த கடிதம். பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், கல்லூரியில் சேருமுன் ஓராண்டு ஊர் சுற்றப் போகிறானாம். அதில் ஆறு வாரம் இந்தப் பள்ளியில் சம்பளம் இல்லாமல் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க விரும்புகிறான். பணிவான கடிதம். "வரச் சொல்லிவிட வேண்டியதுதானே?" என்றேன்.

"இரண்டு வருஷத்துக்கு முன் இப்படித்தான் ஒருவன் வந்தான், சார். தங்கமான பையன். குழந்தைகளோடு ஆடினான், பாடினான். போகிற அன்று அவனும் அழுதான், குழந்தைகளும் அழுதார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பதினைந்து நாள் காலை மணி அடிக்கும்போது வாசலிலேயே நின்றாள். இப்போது புதிதாக யார் பாடம் நடத்த வந்தாலும் அவள் பெயர் கேட்பதில்லை. 'நீங்க எப்ப போவீங்க?' என்றுதான் கேட்கிறாள்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஊர் திரும்பியதும் இந்த விஷயத்தைப் பற்றி எழுதப்பட்ட இரண்டைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். ஒன்று நாவல், இன்னொன்று பிரசங்கம். 

நாவல், வில்லியம் சட்கிளிஃப் 1997-ல் எழுதிய 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு?' கல்லூரிக்கு முந்தைய ஆண்டில் இந்தியாவுக்கு வரும் ஆங்கிலேயப் பையனின் கதை. அவன் வாத்தியார் வேலைக்கு வரவில்லை. ஒரு பெண்ணின் பின்னால் வருகிறான். ஆனாலும் இந்த 'இடைவெளி ஆண்டு' என்பதன் உள்ளும் புறமும் இதில் தெரிகிறது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் பத்திரிகைக்காரர் ஒருவர் அவனைப் பிடித்து உலுக்குகிறார். இந்தியாவுக்கு வருவது இப்போது சாகசமே அல்ல, வேலைக்கு மனுப்போடும்போது சேர்த்துக்கொள்ளும் ஒரு தகுதிதான் என்கிறார் அவர். படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். புத்தகத்தை மூடியபோது மட்டும் ஒரு குறை மனசில் தங்கிவிட்டது. வந்தவர்களின் அசட்டுத்தனத்தை அணு அணுவாகப் பிடித்த ஆசிரியருக்கு நம் ஊர் ஜனங்கள் பெரும்பாலும் பின்திரைதான். பையனைப் பரிகசிக்கிறார், ஆனால் பையன் எதைப் பார்க்கவில்லையோ அதை அவரும் பார்க்கவில்லை.

பிரசங்கம் வேறு ரகம். 1968 ஏப்ரல் 20-ந் தேதி, மெக்ஸிகோவில் குவர்னவாக்கா என்ற ஊரில் இவான் இல்லிச் பேசியது. வியன்னாவில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார் அவர். கோடை விடுமுறையில் மெக்ஸிகோ கிராமங்களில் சேவை செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்கள் அவரைப் பேச அழைத்தார்கள். அவரோ, 'உங்கள் நல்லெண்ணம் நாசமாய்ப் போகட்டும்' என்கிற தோரணையில் ஆரம்பித்தார். கிராமத்து ஜனங்களின் பாஷைகூட உங்களுக்குத் தெரியாது. அவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை எப்படி அறிவீர்கள்? உதவி செய்தே தீரவேண்டுமென்றால் உங்கள் ஊர் ஏழைகளிடம் போங்கள், பிடிக்காவிட்டால் அவர்களாவது உங்கள் பாஷையிலேயே திட்டி அனுப்புவார்கள் என்றார். கடைசியில், எங்கள் நாட்டைப் பார்க்க வாருங்கள், மலை ஏற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவுவதற்கு மட்டும் வராதீர்கள் என்று முடித்தார்.

அந்தக் காலத்தின் சூழ்நிலையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1958-ல் பிரிட்டனில் அலெக் டிக்ஸன் தொடங்கிய தொண்டர் ஸ்தாபனம் முதலில் அனுப்பியது பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளைத்தான். பிற்பாடு அதுவே தொழில் கற்றுத் தேர்ந்தவர்களிடம் திரும்பிவிட்டது. 1961-ல் கென்னடி அமைத்த அமைதிப்படை அதே ஆண்டு இந்தியாவுக்கும் வந்து, 1976-ல் இங்கிருந்து விலகியது. ஊரெல்லாம் இந்தத் தொண்டைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது இல்லிச் தனியாக எழுந்து நின்று பேசினார். அந்தத் துணிச்சலுக்குத் தலை வணங்குகிறேன்.

அவர் முடிவுரையை நினைத்தபோது எனக்குத் திருவண்ணாமலைதான் கண்முன் நின்றது. மலையைப் பார்க்கவும் கற்கவும் அயல்நாட்டார் தேடி வந்த ஊர் அல்லவா அது? பால் பிரண்டன் வந்து போய் 1934-ல் தம் புத்தகத்தை வெளியிட்டார். 1938-ல் சாமர்செட் மாம் வந்தார். 1944-ல் அவருடைய 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' நாவல் வந்தது. ஆர்தர் ஆஸ்பர்ன் அங்கேயே குடியிருந்து 1964-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். இவர்களில் யாரும் நமக்குப் பாடம் சொல்ல வரவில்லை. ரமணர் முன்னிலையில் தரையில் உட்கார வந்தவர்கள். பாடம் சொல்ல வந்தவர்களும் உண்டு. ஊரில் டேனிஷ் மிஷன் பள்ளி இன்றும் இருக்கிறது. மிஷனரிகளின் நோக்கம் பற்றி யாருக்கு எந்த அபிப்பிராயம் இருந்தாலும் சரி, அவர்கள் தமிழ் கற்றார்கள். வருஷக் கணக்கில் இங்கே வாழ்ந்தார்கள்.

ஆனாலும் இல்லிச்சின் பிரசங்கம் எனக்குப் பூரண திருப்தி அளிக்கவில்லை. அதுவும் முழுக்க முழுக்க வருகிறவனைப் பார்த்தே பேசுகிறது. வரவேற்கிற வீட்டுக்காரன் அதில் வாய் திறக்கவில்லை. என் நண்பர் அப்பாவி அல்ல. வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணும் ஏமாந்துபோன ஏழை என்று மட்டும் எழுதிவிடக் கூடியவள் அல்ல. அந்த ஆறு வாரம் அவளுக்கு நிஜமான சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பொய் என்று தள்ளிவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. "நீங்க எப்ப போவீங்க?" என்ற கேள்வி வெள்ளைக்காரப் பையனுக்கு மட்டுமா? அதே ஜில்லாவில் இருக்கும் ஜவ்வாது மலையைப் போன்ற இடங்களுக்கு உத்தரவு கிடைத்தால், சேர்ந்த அன்றே மாறுதலுக்கு மனுப்போட நினைக்கும் நம்மவர் எத்தனை பேர்! பட்டணத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், நோட்டுப் புத்தகம் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோமே, அது ஆறு வாரம்கூட இல்லை. அயலானைக் கண்டிக்கும் சுகத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

வேறொரு வழியும் நம்மிடமே இருந்திருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்து பாடம் மறந்துபோன குழந்தைகளுக்காக, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. லட்சத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வேளைகளில் பாடம் சொன்னார்கள். அவர்கள் எல்லோரும் தேர்ந்த ஆசிரியர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாடம் முடிந்ததும் அவர்கள் போனது அடுத்த வீட்டுக்கு. மறுநாள் காலை குழாயடியில் அந்த 'அக்கா'வைக் குழந்தை பார்க்கலாம். ஆசிரியத் தொழிலில் பாதி, மறுநாளும் அங்கே இருப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் நண்பருக்கு நீளமாக எழுதினேன். அவருடைய பதில் ஒரே கார்டில் வந்தது: "பையனை வரச் சொல்லி எழுதிவிட்டேன். வாத்தியாராக அல்ல, மாணவனாக. முதல் வகுப்பில் உட்கார்ந்து அ, ஆ படிக்க வேண்டும். சொல்லிக் கொடுக்கப் போவது அந்தப் பெண். ஆறு வாரத்தில் போய்விடுவான் என்று அவளிடம் இப்போதே சொல்லியாயிற்று. 'அதுக்குள்ள எழுதப் படிக்கக் கத்துக்குவானா?' என்று கவலைப்படுகிறாள்."

எனக்கும் அந்தக் கவலைதான். பையனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.