படிக்கப்படாத தபாலட்டைகள்: ஹான்ஸ் ஃபல்லாடாவின் நாவல் பற்றிய ஒரு நோக்கு

நாஸி ஆட்சிக்கு எதிராக ஜேர்மனியின் உள்ளிருந்தே எழுந்த எதிர்ப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு நிகழ்வுகளையே முன்னிறுத்துவர். 1944 ஜூலை 20இல் கேர்ணல் ஸ்டவுஃபென்பேர்க் ஹிட்லரின் தலைமையகத்தில் வைத்த குண்டு அவற்றில் ஒன்று. மியூனிக் பல்கலைக்கழகத்தில் துண்டுப்பிரசுரம் விநியோகித்தமைக்காக 1943 பெப்ரவரியில் தலை துண்டிக்கப்பட்ட ஹான்ஸ் ஷோல், ஸோஃபி ஷோல் ஆகியோரின் ‘வெள்ளை ரோஜா’ குழு மற்றொன்று. முன்னையது உயர்குடியினரும் இராணுவ அதிகாரிகளும் தீட்டிய சதித் திட்டம். பின்னையது கற்றறிந்த இளைஞரின் அறைகூவல். இவ்விரு வகையினுள்ளும் அடங்காத, ஆரம்பக் கல்வியோடு நின்றுவிட்ட, இலக்கணப் பிழையின்றி ஒரு வரி எழுத இயலாத தொழிலாளத் தம்பதியர் இருவரைத் தன் மையத்தில் நிறுத்திய நாவல் என்ற வகையில், 1947இல் வெளிவந்த ஹான்ஸ் ஃபல்லாடாவின் ‘ஒவ்வொருவரும் தனித்தே மரணிக்கின்றனர்’ நமது கவனத்திற்குரியதாகின்றது. ஜேர்மன் மொழிக்கு வெளியே இந்நாவல் பரவலாக வாசிக்கப்பட அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. மைக்கல் ஹொஃப்மனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2009இலேயே வெளிவந்தது.

நாவலின் பின்னணியில் இருப்பது உண்மை வரலாறாகும். பேர்லினின் வெடிங் பகுதியில் வாழ்ந்த ஓட்டோ ஹம்பெல், எலிஸா ஹம்பெல் ஆகிய இருவரும் 1940 செப்டெம்பர் முதல் 1942 இலையுதிர் காலம் வரை இருநூற்றுக்கும் மேற்பட்ட தபாலட்டைகளைக் கையால் எழுதி, நகரின் மாடிப்படிகளிலும் கட்டட வாயில்களிலும் இரகசியமாக வைத்துவிட்டு வந்தனர். எலிஸாவின் சகோதரர் 1940இல் போரில் மாண்டதே இதன் தொடக்கம். நாஸிகளின் குளிர்கால நிவாரண நிதிக்குப் பணம் கொடுக்காதீர்கள், போருக்கு ஒத்துழைக்காதீர்கள் என்பனவே அவ்வட்டைகளின் சாரம். 1942 ஒக்டோபரில் கைதான அவர்களுக்கு 1943 ஜனவரி 22இல் ‘மக்கள் நீதிமன்றம்’ மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 8இல் ப்ளெட்ஸென்ஸே சிறையில் இருவரும் கொல்லப்பட்டனர்.

இவ்வழக்கின் கெஸ்டாபோ கோப்பு 1945இல் கவிஞர் யோஹன்னஸ் பெஹர் மூலமாக ஃபல்லாடாவின் கைக்கு வந்தது. அவர் முதலில் தயங்கினார். அத்தயக்கம் பொருளற்றதன்று. ருடோல்ஃப் டிட்ஸன் என்ற இயற்பெயருடைய ஃபல்லாடா, சமகால எழுத்தாளர் பலர் நாட்டைவிட்டு வெளியேறியபோதும் வெளியேறாதவர். 1933இல் சில நாட்கள் சிறைப்பட்டார் என்பது உண்மை. 1938இல் ‘இரும்பு குஸ்தாவ்’ நாவலின் முடிவை கோயபல்ஸின் விருப்பத்திற்கேற்ப மாற்றி எழுதினார் என்பதும் உண்மை. மது, போதைப்பொருள், மனநோய் விடுதி, சிறை என்று சிதறிய வாழ்வு அவருடையது. எதிர்த்து நின்றவர்களைப் பற்றி எதிர்க்காதவன் எழுதலாமா என்ற வினா அவர்முன் நின்றிருக்க வேண்டும். 1945 நவம்பரில் இவ்வழக்கைப் பற்றி ஒரு கட்டுரையை வெளியிட்டார். மறு ஆண்டு இலையுதிர் காலத்தில், நான்கு வாரத்திற்கும் குறைவான காலத்தில், அப்பெரும் நாவலை எழுதி முடித்தார். அது நூலாக வெளிவருவதைக் காணாமலே 1947 பெப்ரவரியில் காலமானார். அந்த வேகத்தின் தழும்புகள் நாவலெங்கும் தெரிகின்றன. அதன் உயிர்த்துடிப்பும் அந்த வேகத்திலிருந்தே வருகின்றது என்பது நமது கருத்து.

ஃபல்லாடா செய்த முதல் மாற்றம், மாண்ட சகோதரனை மகனாக்கியமை. தளபாடத் தொழிற்சாலையொன்றின் மேற்பார்வையாளரான ஓட்டோ குவாங்கெல் சிக்கனமானவர், பேசாதவர், எவரோடும் ஒட்டாதவர். பிரான்ஸ் போர்முனையில் ஒரே மகன் இறந்த செய்தி வந்தபோது, மனைவி அன்னா துயரின் வெடிப்பில் ஹிட்லரைத் தன் கணவனுக்கே உரியவனாக்கி ஒரு சொல் சொல்லிவிடுகின்றாள். அந்தச் சொல்லே குவாங்கெலைத் துளைக்கின்றது. அரசியல் கோட்பாடு எதுவும் அவரை அசைக்கவில்லை. இல்லறத்தில் விழுந்த ஒரு கீறல் அசைக்கின்றது. அச்சொல்லைப் பொய்யாக்கவே அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மேசையருகே அமர்ந்து, பழக்கமற்ற விரல்களால் எழுத்தெழுத்தாக எழுதத் தொடங்குகின்றார். எதிர்ப்பு எங்கிருந்து பிறக்கின்றது என்ற கேள்விக்கு, மேடைப்பேச்சின் வாடையே இல்லாத இத்தகைய விடையைத் தந்த நாவல்கள் மிகச் சிலவே.

அட்டைகளின் கதியே நாவலின் முதுகெலும்பு எனலாம். கண்டெடுப்பவர்கள் அவற்றைக் கைமாற்றுவார்கள், ஒரு நகரமே இரகசியமாக விழித்தெழும் என்று குவாங்கெல் நம்புகின்றார். நடப்பது வேறு. அட்டையைக் கண்டவர் அஞ்சி நடுங்குகின்றார். இது தன்னைச் சிக்கவைக்கும் பொறியோ என்று ஐயுறுகின்றார். முழுதாகப் படிக்குமுன்னரே மேலதிகாரியிடம் ஒப்படைக்க ஓடுகின்றார். கெஸ்டாபோ அதிகாரி எஷெரிக் தனது வரைபடத்தில், அட்டை கிடைத்த இடங்களிலெல்லாம் சிறு செங்கொடிகளைக் குத்தி வைக்கின்றார். கொடிகள் பெருகப் பெருக, குவாங்கெலின் தோல்வியே அங்கு படமாக விரிகின்றது. கைதான பின்னரே அவருக்கு உண்மை தெரிகின்றது: அவர் எழுதியவற்றுள் 18 மட்டுமே பொலிஸார் கைக்கு வராதவை. ஈராண்டு உழைப்பும் இரு உயிர்களும் எதிரியின் அலமாரியை நிரப்பவே பயன்பட்டிருக்கின்றன. தேர்ந்த கதாசிரியர்களும் இவ்விடத்தில் ஓர் ஆறுதலைச் செருகியிருப்பர். எங்கோ ஒரு வாசகன் மனம் மாறினான் என்று காட்டியிருப்பர். ஃபல்லாடா காட்டும் ஒரே வாசகன் எஷெரிக். அட்டைகள் அனைத்தையும் ஊன்றிப் படித்தவன் அவன் ஒருவனே. அவற்றால் மாறியவனும் அவனே. குடிவெறியில் கைதியை இழிவுபடுத்தும் தன் மேலதிகாரிகளோடு சேர்ந்துகொள்ளக் கட்டாயப்படுத்தப்பட்ட பின்னர், அவன் தன்னைச் சுட்டுக்கொள்கின்றான். இந்த முரணை ஆசிரியர் விளக்கவில்லை, விளக்கியிருந்தால் கெட்டிருக்கும்.

நாம் குறிப்பாக வலியுறுத்த விரும்பும் விடயம் நாவலின் பதிப்பு வரலாற்றோடு தொடர்புடையது. ஃபல்லாடா இறந்த பின்னர், சோவியத் ஆளுகையிலிருந்த பேர்லினில் அவுஃப்பவு பதிப்பகம் வெளியிட்ட 1947ஆம் ஆண்டுப் பதிப்பு ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியை முழுமையாகப் பின்பற்றவில்லை. அன்னா நாஸி மகளிர் அணியில் பணியாற்றியதைக் கூறும் 17ஆம் அத்தியாயம் நீக்கப்பட்டது. வேறு சில பாத்திரங்களின் கட்சித் தொடர்புகளும் மறைக்கப்பட்டன அல்லது மழுங்கடிக்கப்பட்டன. முழுமையான மூலம் 2011இலேயே அச்சேறியது. நீக்கப்பட்ட அத்தியாயம் கற்பனையன்று: உண்மையான எலிஸா ஹம்பெல் 1936 முதல் 1940 வரை அவ்வணியின் உறுப்பினராக இருந்தவர். எதிர்த்து நின்றவள் தொடக்கத்திலிருந்தே கறையற்றவளாக இருந்திருக்க வேண்டும் என்று பதிப்பாசிரியர் கருதினார் போலும். இது இலக்கியத் திருத்தம் மட்டுமன்று, நியாயத் திருத்தமுமாகும். கறையற்றவர்களே எதிர்த்தனர் என்றால், கறைபட்ட கோடிக்கணக்கானோர் எதிர்க்காதது இயல்பே என்றாகிவிடும். அமைப்பின் உள்ளிருந்த ஒருத்தி அதிலிருந்து விலகினாள் என்பதே ஏனையோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றது. அந்த அத்தியாயத்தை வெட்டியபோது, எதிர்ப்பாளரை உயர்த்துவதாக எண்ணி, எதிர்க்காதோருக்கே விடுதலை வழங்கினர்.

ஃபல்லாடாவின் கையிலும் ஒரு மறைவு உண்டு. அது அவர் அறிந்து செய்ததன்று. வழக்கின் ஆவணங்கள் முழுவதையும் அவர் பார்த்திருக்கவில்லை. நாவலில் குவாங்கெல் தம்பதியர் இறுதிவரை ஒருவருக்கொருவர் அரணாக நிற்கின்றனர். சிறை அவர்களது அன்பைப் புடமிடுகின்றது. ஹம்பெல் தம்பதியரோ உயிருக்கு மன்றாடி எழுதிய கருணை மனுக்களில் ஒருவர்மீது ஒருவர் பழியைச் சுமத்தினர். இதனை அறிந்த வாசகர் சிலர் நாவலின் பிற்பகுதியைப் பொய் என்று தள்ளுவதுண்டு. அதனோடு நாம் உடன்படவில்லை. கொலைக்கருவியின் நிழலில் எழுதப்பட்ட ஒரு மனு, ஈராண்டுக் காலம் ஒவ்வொரு அட்டையோடும் உயிரைப் பணயம் வைத்ததை அழித்துவிடாது. ஆயினும் ஃபல்லாடா அம்மனுக்களைப் பார்த்திருந்தால் இன்னும் கடுமையான, இன்னும் பெரிய நாவலொன்றை எழுதியிருப்பார் என்று எண்ணத் தோன்றுகின்றது. அச்சம் மனிதரை என்ன செய்யும் என்பதை அவர் அளவுக்கு அறிந்த எழுத்தாளர் அக்காலத்தில் அரிது.

குறைகளையும் சொல்ல வேண்டும். குதிரைப் பந்தயச் சூதாடி என்னோ க்ளூகேயைச் சுற்றி ஓடும் துப்பறியும் கதை தேவைக்கு மீறி நீள்கின்றது. ஓய்வுபெற்ற நீதிபதி ஃப்ரொம், நீதியின் உருவகமாக நிற்கிறாரேயன்றி மனிதராக நடமாடவில்லை. சிறுவன் ஒருவன் கிராமத்தில் புதுவாழ்வு பெறுவதாகக் காட்டும் இறுதி அத்தியாயம், அக்கால ஆட்சியாளர் விரும்பிய நம்பிக்கைக்குச் செலுத்திய வரியாகவே தோன்றுகின்றது. இவற்றினும் பாரதூரமானது ஒன்றுண்டு. குவாங்கெல் வீட்டுக்கு மேல்மாடியில் வாழும் யூதமூதாட்டி ரோஸந்தால் நாவலின் தொடக்கப் பகுதியிலேயே மரணிக்கின்றாள். அவளோடு யூதரின் கதி பற்றிய பேச்சும் பெருமளவு ஓய்ந்துவிடுகின்றது. கதை நடக்கும் 1941, 1942ஆம் ஆண்டுகளில்தான் பேர்லினிலிருந்து யூதர்கள் புகைவண்டிகளில் கிழக்கே அனுப்பப்பட்டனர். அதே தெருக்களில் நடந்து அட்டை வைத்த குவாங்கெலின் கண்ணில் அது படவில்லை. இக்குருடு பாத்திரத்தினுடையதா, ஆசிரியருடையதா? அக்காலத் தேசத்தினுடையது என்று சொல்லி நகர்வது எளிது. நாவலாசிரியனுக்கு அச்சலுகை கிடையாது.

எனினும், இத்தகைய எதிர்ப்பாளர்களைத் தேசமே நெடுங்காலம் ஏற்கவில்லை என்பதையும் உடன்வைத்து நோக்க வேண்டும். 1939 நவம்பர் 8இல் மியூனிக் பியர் மண்டபத்தில் குண்டு வைத்து, 13 நிமிட வித்தியாசத்தில் ஹிட்லரைத் தவறவிட்ட கேயோர்க் எல்ஸர் என்ற தச்சன் தனியாகவே அதைச் செய்தான் என்பதை நாஸிகளும் நம்பவில்லை; போருக்குப் பின்னும் பலர் நம்பவில்லை. 1960களில் அவனது விசாரணைப் பதிவுகள் கண்டெடுக்கப்படும்வரை, அவன் அந்நியரின் கையாள் என்றோ நாஸிகளின் கையாள் என்றோ பேசப்பட்டான். கல்லாத தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு மனச்சாட்சி இருக்கக்கூடும் என்பதே ஐயத்திற்குரியதாக இருந்தது. 1952இல் வழக்கறிஞர் ஃப்ரிட்ஸ் பவர், ஜூலை 20 சதியாளரைத் துரோகிகள் என்று தூற்றிய ரேமருக்கு எதிராக வழக்காடி வென்றார். தளபதிகளின் பெயருக்கே நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்த காலம் அது. ‘மக்கள் நீதிமன்ற’த்தின் தீர்ப்புகளைச் செல்லாதவையாக்கும் சட்டம் 1998இலும், படையை விட்டோடியோருக்கு உரிய சட்டம் 2002இலும், ‘போர்த் துரோகிகள்’ எனப்பட்டோருக்கு உரியது 2009இலுமே வந்தன. வரிசையில் எளியவர்கள் எப்போதும் கடைசியில் நின்றனர்.

நாவல் பலமுறை படமாகியுள்ளது. 1962இல் மேற்கு ஜேர்மன் தொலைக்காட்சிக்காக அதை இயக்கிய ஃபால்க் ஹார்னக், ‘வெள்ளை ரோஜா’ வழக்கில் 1943இல் நிறுத்தப்பட்டு விடுவிக்கப்பட்டவர். எதிர்ப்பாளரான அவரது சகோதரர் ஆர்விட் 1942 டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார். வின்சென்ட் பெரெஸ் இயக்கிய 2016ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் எம்மா தொம்ப்ஸனும் ப்ரெண்டன் க்ளீஸனும் நிறைவாக நடித்திருக்கின்றனர். அவர்களது மௌனங்கள் ஃபல்லாடாவுக்கு உண்மையாக இருக்கின்றன. ஆனால் அதன் முடிவில் எஷெரிக், தான் சேகரித்த அட்டைகளையெல்லாம் சாளரத்தின் வழியே வீதியில் வீசிவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். அட்டைகள் காற்றில் பறந்து நகரத்தின்மீது இறங்குகின்றன. கண்ணுக்கு அழகிய காட்சி. நாவலில் அவ்வட்டைகள் கோப்பைவிட்டு வெளியே வருவதேயில்லை. ஹம்பெல் தம்பதியரின் அட்டைகளும் எழுத்துப்பிழைகளோடு, அவர்களைக் கொல்லச் சான்றாகச் சேர்க்கப்பட்ட அதே வழக்குக் கோப்பினுள்ளேயே நமக்கு வந்து சேர்ந்தன.